வெளியே உண்டவர்

விருதுநகரில் பொழுது சாயத் தொடங்கியதும் பரோட்டாக் கடைகளில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். எண்ணெய் குளம் கட்டி நிற்கும் அகன்ற இரும்புக் கல்லில் பரோட்டாவைப் போட்டு, மொறுமொறுவென்று பொரித்தெடுத்து, இலையில் நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றித் தருவார்கள். இதற்கென்றே மதுரையிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருவோர் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, சாத்தூர் என்றால் சேவு, விருதுநகர் என்றால் பொரித்த பரோட்டா என்று இந்தக் கரிசல் வட்டாரத்து ஊர்கள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு பண்டத்தின் பெயராலேயே வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகமாகின்றன. சிவகாசியில் மட்டும் அந்த இடத்தைப் பட்டாசு பிடித்துக்கொண்டது.

அந்தக் கடைகளின் பெஞ்சுகளில் நாள்தோறும் நிகழும் ஒன்று யார் கண்ணிலும் படுவதில்லை. தோளோடு தோள் உரச அமர்ந்து உண்பவர்கள் ஒருவரையொருவர் என்ன சாதி என்று கேட்டுக்கொள்வதில்லை. நூறாண்டுகளுக்கு முன்பு தமிழகத்தின் பல உணவு விடுதிகளில் இலை போடுவதற்கு முன்பே அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட 72 ஆண்டுகளை வாழ்ந்தவர் இதே ஊர்க்காரரான காமராஜர். அவரை அணைகளாலும் ஆலைகளாலும் அளப்பது வழக்கம். பிரதமர்களைத் தேர்ந்தெடுத்த டெல்லி நாள்களைக் கொண்டு அளப்பவர்களும் உண்டு. பொதுவாழ்வுக்கு வந்தபின் ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் வீட்டுக்கு வெளியே, பிறர் சமைத்த சோற்றையே உண்ட மனிதர் அவர். ஊர்ப் பிள்ளைகளையும் வீட்டுக்கு வெளியே, ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ண வைத்தவரும் அவரே. இந்தக் கோணத்தில் அவர் வாழ்க்கையைச் சொன்னவர்கள் குறைவு.

அவர் பிறந்தபோது ஊரின் பெயர் விருதுபட்டி. 1903-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று, குமாரசாமி - சிவகாமி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். குலதெய்வத்தின் நினைவாகக் காமாட்சி என்று பெயரிட்டார்கள். ராஜா என்று அன்னை செல்லமாக அழைக்க, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று. ஊரோ முழுக்க முழுக்க வணிகர்களின் ஊர். எண்ணெயும் மிளகாயும் மல்லியும் பருப்பும் மூட்டை மூட்டையாக வந்திறங்கிப் பல ஊர்களுக்கும் பிரிந்துசெல்லும் சந்தை அது. பொருளில் செழித்த அந்த வணிகச் சமூகத்துக்குச் சமூக மதிப்பு மட்டும் எளிதில் வாய்த்துவிடவில்லை. கோயில் நுழைவு உரிமைக்கான பகை முற்றி, 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டது. அந்தச் சாம்பல் சூடு ஆறி நான்கே ஆண்டுகள் கழிந்த நிலையில்தான் காமராஜர் பிறந்தார்.

மதிக்காதவர்களின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதைவிடத் தாமே ஒரு கதவை நிறுவிக்கொள்வது மேல் என்று அவ்வூர் வணிகர்கள் முடிவு செய்திருந்தனர். வணிகத்தில் ஒரு பங்கை மகமையாகப் பொது நிதிக்கு ஒதுக்கினர். அதைவிடச் சுவையானது பிடியரிசி முறை. வீட்டுப் பெண்கள் அன்றாடம் உலைக்கு அரிசி எடுக்கும்போது, அதிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதை வீடுவீடாகச் சென்று திரட்டி, விற்ற காசைப் பள்ளிக்குச் செலவிடுவார்கள். சத்திரிய வித்தியாசாலை என்ற அந்தப் பள்ளியில்தான் சிறுவன் காமராஜ் படித்தார். ஊர் அடுக்களைகளில் மிச்சம் பிடித்த அரிசியில் தமக்கு எழுத்தறிவு கிடைத்தது என்பதை அவர் மறந்ததாகத் தெரியவில்லை. அரிசி பள்ளியை நடத்த முடியுமென்றால், பள்ளி ஏன் அரிசியைத் திருப்பித் தரக் கூடாது? அவர் பின்னாளில் செய்த பெரிய காரியம் இந்த ஒற்றைக் கணக்கின் மறுபக்கம்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவரது வாழ்க்கை வரலாறுகளில் தவறாமல் இடம்பெறும் பள்ளிக்காலக் கதை ஒன்றும் உணவைப் பற்றியதே. விநாயகர் சதுர்த்திக்காகப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரே அளவில் காசு வாங்கினார்கள். பூசை முடிந்து பொரிகடலை வழங்கும்போது முண்டியடித்தவர்களுக்குக் கை நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற காமராஜுக்குக் கொஞ்சமே கிடைத்தது. ஏன் இவ்வளவுதான் என்று வீட்டில் கேட்டபோது, எல்லோரும் ஒரே காசு கொடுத்திருக்க, எல்லோருக்கும் ஒரே அளவு தராதது வாத்தியாரின் தவறு என்று அவர் சொன்னாராம். பெரியவர்கள் ஆனபின் அவர்களது பிள்ளைப் பருவத்தில் ஏற்றிச் சொல்லப்படும் கதைகளை நாம் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். ஆயினும் இந்தக் கதையை ஊர் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பந்தியில் பரிமாறுவோர் தெரிந்த முகத்துக்கு ஒரு கரண்டியும் தெரியாத முகத்துக்கு அரைக் கரண்டியும் போடுவதைக் காணாத தமிழர் யார்?

ஆறு வயதில் தந்தையை இழந்தார். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் உட்கார வைத்தார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பு அவரைக் கடையிலிருந்து கூட்ட மேடைகளுக்கு இழுத்துச் சென்றது. பதினாறு, பதினேழு வயதில் காங்கிரஸ் தொண்டரானவர், வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பும் பழக்கத்தை அப்போதே கைவிட்டுவிட்டார்.

அவர் வெளியே உண்ணத் தொடங்கிய காலத்தில் வெளியே உண்பது என்பது எளிய செயலன்று. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடமும் மற்றவர்களுக்குத் தனி இடமும் இருந்தன. 1940-களின் தொடக்கம் வரை அந்த ஏற்பாடு நீடித்தது. நகரத்து ஓட்டல்களில் சிலருக்கு உட்புறம், சிலருக்குத் தாழ்வாரம், தாழ்த்தப்பட்டோருக்கு வாசல்படியும் இல்லை. தேசியம் பேசியவர்களின் பந்தியிலும் இந்தக் கோடு ஓடியது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதி அளித்திருந்தது. அங்கே பிராமண மாணவர்களுக்கு உணவு தனியாகப் பரிமாறப்படுவது வெளியே தெரிந்ததும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்ப்பில் இறங்கினர். எதிர்ப்பைத் தூண்டியவை சில பிள்ளைகளின் தனி இலைகள் மட்டுமே. கட்சியே அதனால் இரண்டுபட்டது. 1925-இல் பெரியார் காங்கிரஸிலிருந்து வெளியேறியதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. முன்னதாக 1924-இல் வைக்கம் போராட்டத்துக்குத் தொண்டராகச் சென்று வந்திருந்த இளைஞர் காமராஜ், கட்சியை விட்டு விலகவில்லை. சத்தியமூர்த்தியைத் தலைவராகக் கொண்டு உள்ளேயே நின்றார். ஆனால், சேரன்மாதேவி என்ற ஊர்ப்பெயர் அவர் வாழ்வில் இன்னொருமுறை வரும்.

அடுத்த இருபது ஆண்டுகளில் அவருக்குச் சோறிட்டவை பெரும்பாலும் சிறைகள். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்காகக் கல்கத்தாவின் அலிப்பூர் சிறை, பிறகு வேலூர், 1942-க்குப் பின் மராட்டியப் பகுதியின் அமராவதி. கூட்டிப் பார்த்தால் ஒன்பது ஆண்டுகளுக்கு அருகில் வரும். சிறைக்கு வெளியே இருந்த நாள்களில் கட்சிக்காரர்களின் வீட்டுத் திண்ணைகள், சத்திரங்கள், பயணியர் விடுதிகள். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1940-இல் மாகாணக் காங்கிரஸ் தலைவரான பிறகு, தமிழ்நாட்டில் அவர் சாப்பிடாத வட்டம் இல்லை எனலாம். எந்த ஊரில் எவர் வீட்டில் அடுப்பு எரிகிறது, எவர் வீட்டில் எரியவில்லை என்பதை அவர் கோப்புகளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை.

நாட்டின் அரசியல் சட்டத்தை வகுத்த அரசியல் நிர்ணய சபையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். அச்சட்டத்தின் 15-ஆவது பிரிவு, பாகுபாடு காட்டக் கூடாத இடங்களைப் பட்டியலிடும்போது உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உலக அரசியல் சட்டங்களில் ஓட்டலுக்கு இடம் கிடைப்பது அரிது. நம் சட்டத்துக்கு அது தேவைப்பட்டது. சட்டம் வந்த பின்னும் பலகைகள் உடனே இறங்கிவிடவில்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1957-இல், சென்னை திருவல்லிக்கேணி ஓட்டல் ஒன்றின் பெயர்ப் பலகையிலிருந்து சாதிப் பெயரை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். அவரைப் பச்சைத் தமிழர் என்று கொண்டாடிய பெரியாரின் தொண்டர்களை, அவருடைய காவல் துறையே நாள்தோறும் கைது செய்தது.

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று அவர் முதலமைச்சரானார். முந்தைய ஆட்சியில் ராஜாஜி கொண்டுவந்த, அரை நாள் படிப்பும் அரை நாள் பெற்றோரின் தொழிலும் என்ற கல்வி முறை கைவிடப்பட்டது. மூடிக் கிடந்த பள்ளிகள் திறக்கப்பட்டன, புதியவை தொடங்கப்பட்டன. ஆனால், பள்ளி இருந்தும் பிள்ளைகள் வரவில்லை. இங்கேதான் சேரன்மாதேவி மீண்டும் வருகிறது. அவ்வூர் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று முதலமைச்சர் கேட்டதாகவும், சோறு போட்டால் போவேன் என்ற பொருளில் அவன் பதில் சொன்னதாகவும் ஒரு செய்தி மேடைதோறும் சொல்லப்படுகிறது. தனித்தனி இலைகளால் ஒரு குருகுலம் குலைந்த ஊரின் பெயரிலேயே, ஒரே வரிசை இலைகளின் தோற்றக் கதையும் வழங்குவதை விந்தை என்றுதான் சொல்ல வேண்டும்.

மதிய உணவை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்வது வரலாற்றுக்கு நியாயமாகாது. பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த 1920-லேயே, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் ஏற்பாடு தொடங்கியது. நாளொன்றுக்குப் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு நடந்த அது, செலவைக் காரணம் காட்டி ஆங்கிலேய அரசால் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. காமராஜர் செய்தது அதைக் கிராமத்துக்குக் கொண்டுசென்றது. நிதித் துறை கை விரித்த நிலையில், கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு, முதலில் அரசுப் பணத்தை நம்பாமல் ஊரையே நம்பி அவர் தொடங்கினார். பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கிய திட்டம் ஊர் ஊராகப் பரவியது. அறுவடைக் காலத்தில் உழவர்கள் நெல்லும் கம்பும் சோளமும் தந்தார்கள். ஒருவர் விறகு தந்தார், ஒருவர் பாத்திரம் வாங்கித் தந்தார். விருதுநகர்ப் பிடியரிசிக் கலயம் ஒரு மாநிலத்தின் அளவுக்குப் பெரிதாயிற்று. பின்னர் அரசு நிதியும் சேர்ந்தது. ஒரு சாப்பாட்டின் செலவு 10 காசு என்று கணக்கிட்டு, அதில் 6 காசை அரசு ஏற்க, மீதியை உள்ளூர் ஏற்றது. ஆண்டுக்கு 200 நாள் சோறு. 1961 முதல் அமெரிக்காவின் கேர் அமைப்பு பால்மாவும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் அனுப்பியது. அந்த மஞ்சள் மாவில் கிண்டிய உப்புமாவின் வாசனையை இன்றைக்கு எழுபது வயதைத் தொடும் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

10 காசுச் சோறு என்ன சாதித்தது என்பதைச் சிவகாசியில் நின்று பார்த்தால்தான் தெரியும். 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த இந்த மண்ணுக்கு வாழ்வளித்தது உண்மை. அதே தொழில் பிள்ளைகளின் விரல்களையும் கேட்டது. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும், விடியுமுன் கிராமங்களுக்கு வரும் வண்டிகளில் சிறுவர் சிறுமியர் தூக்கக் கலக்கத்தோடு ஏறிச் சென்றது 1980-கள் வரையிலும் இவ்வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பை வழங்கியது 1996-இல்தான். பள்ளிச் சோறு ஒரு வேளைப் பசியை மட்டும் தீர்த்தது. தீப்பெட்டிக் கூலி வீட்டின் இரவுச் சாப்பாட்டுக்கு உதவியது. அந்தப் போட்டியில் காமராஜரின் சொந்த வட்டாரத்திலேயே பள்ளி பல ஆண்டுகள் தோற்றது என்பதைப் புகழுரைகள் சொல்வதில்லை. எம்.ஜி.ஆர். 1982-இல் அத்திட்டத்தைச் சத்துணவாக விரித்ததும், 2022-இல் காலை உணவு சேர்ந்ததும் அந்தத் தராசின் மறுதட்டில் விழுந்த எடைகள்.

தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுக்கும் செய்திகள் இன்றும் அவ்வப்போது வருகின்றன. பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தவர் யார் என்று கேட்காத அதே மனிதர்கள், பள்ளிக்கூடத்து அடுப்படியில் மட்டும் அந்தக் கேள்வியை எழுப்புகிறார்கள்.

பிள்ளைகளுக்குச் சோறிட்ட அதே 1956-இல், அவருடைய சொந்த ஊரில் ஒரு முதியவர் உணவை மறுத்துப் படுத்திருந்தார். தியாகி சங்கரலிங்கனார் காந்தியவாதி, காங்கிரஸ்காரர். தம் கைப்பொருளை ஊரின் பெண்கள் பள்ளிக்கு அளித்து, அதன் வருவாயில் மாணவியருக்குச் சிற்றுண்டி கிடைக்க வழிசெய்தவர். சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுவது உள்ளிட்ட 12 கோரிக்கைகளை முன்வைத்து ஜூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கினார். விருதுநகர் தேசபந்து திடலில் நாளுக்கு நாள் உடல் மெலிந்தது. பல கட்சித் தலைவர்கள் வந்து கைவிடும்படி வேண்டினார்கள். அரசு அசையவில்லை. அக்டோபர் 13 அன்று அவர் உயிர் பிரிந்தது. பல கோரிக்கைகள் மத்திய அரசின் கையில் இருந்தவை, உண்ணாநோன்புக்கு வளைந்தால் ஆட்சி நடத்த இயலாது என்றெல்லாம் அன்று சொல்லப்பட்ட காரணங்கள் முற்றிலும் பொருளற்றவை அல்ல. ஆயினும் பசியை அவ்வளவு நன்கு அறிந்த ஒருவர், தம் ஊர்த் திடலில் இரண்டு மாதங்களுக்கும் மேல் நீண்ட ஒரு பசிக்கு விடை சொல்லத் தவறினார். அவர் வரலாற்றில் அந்த இலை காலியாகவே கிடக்கிறது. கேட்ட பெயர் 1969-இல் அண்ணாவின் ஆட்சியில் வந்தது.

கண்டிப்பை அவர் பிறரிடம் மட்டும் காட்டவில்லை. முதலமைச்சரின் தாயைப் பார்க்க விருதுநகர் வீட்டுக்கு ஆள்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவர்களுக்குச் சோடா, கலர் வாங்கித் தர வேண்டியிருப்பதால், மாதம் அனுப்பும் 120 ரூபாயைச் சற்றுக் கூட்டித் தரும்படி சிவகாமி அம்மாள் சொல்லியனுப்பியதாகவும், மகன் மறுத்துவிட்டதாகவும் ஊரில் சொல்வார்கள். விருந்தோம்பலைக் குறளில் ஓர் அதிகாரமாகவே படித்த சமூகத்தில், இந்த மறுப்பைப் பாராட்டுவதா, அந்தத் தாய்க்காக இரங்குவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

1963-இல் பதவி விலகினார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். இரண்டு பிரதமர்கள் பதவியேற முன்னின்றார். இவையெல்லாம் ஊரறிந்தவை. அவரை வீழ்த்தியது டெல்லி அன்று, அரிசி. 1965-66 வறட்சியில் அரிசி கிடைப்பது அரிதாயிற்று. இந்தித் திணிப்புக்கு எதிரான மாணவர் எழுச்சியின் சூடும் தணியவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. முழங்கியது. 1967 தேர்தலில் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருந்த காமராஜர், விருதுநகர்த் தொகுதியில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். கைப்பிடி அரிசியில் படித்தவரை, பள்ளிதோறும் அரிசிச் சோறு வைத்தவரை, அதே ஊர் அரிசியின் பெயரால் தோற்கடித்தது. நன்றிகெட்ட ஊர் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. சோறு கேட்பது உரிமை என்று அந்த மக்களுக்குக் கற்றுத் தந்ததில் அவருக்கும் பங்குண்டு. அவரும் தோல்வியை மக்கள் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்.

1969 தொடக்கத்தில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றார். அந்தக் காலத்தில்தான் சிவகாமி அம்மாள் நோய்ப் படுக்கையில் விழுந்தார். பார்க்கச் சென்ற மகன் சற்று நேரம் அருகில் இருந்துவிட்டுப் புறப்பட எழுந்தபோது, ஒரு வாய் சாப்பிட்டுப் போகும்படி தாய் கேட்டாராம். உடன் வந்தவர்கள் வியக்கும்படி அவர் அடுக்களைக்குள் சென்று, தட்டில் போட்டதை உண்டுவிட்டு வந்தார். இதற்கு முன் இந்த வீட்டில் எப்போது சாப்பிட்டீர்கள் என்று திரும்பும் வழியில் ஒருவர் கேட்டதற்கு, இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் இருக்கும் என்று பொருள்பட அவர் சொன்னதாக உடனிருந்தோர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஆண்டே தாயார் மறைந்தார்.

1975 அக்டோபர் 2. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு மூன்று மாதங்கள் கடந்திருந்தன. சென்னை தியாகராய நகர், திருமலைப் பிள்ளை சாலையின் வாடகை வீட்டில் மதிய உணவை முடித்துக்கொண்டு, வழக்கம்போல் சற்றுக் கண்ணயர்ந்தார். எழுந்தபோது உடல் வியர்த்துக் கொட்டியது. மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடு சில ஆண்டுகளில் நினைவு இல்லமாயிற்று. விருதுநகரில் அவர் முப்பது ஆண்டுகளாக உண்ணாத வீடும் இப்போது நினைவு இல்லம்தான். அவர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று, பள்ளிச் சத்துணவில் பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறார்கள்.